திரையில் இன்னொரு கை

நிவேதிகாவை எனக்கு மொழிபெயர்ப்பு வேலை வழியாகத்தான் தெரியும். நகர மன்ற அறிவிப்புகள், மருந்து விளக்கத்தாள்கள், பள்ளிச் சுற்றறிக்கைகள் என்று ஆங்கிலத்தில் வருவதையெல்லாம் அவள் வீட்டிலிருந்தபடி தமிழாக்கி அனுப்புவாள். நான் பிழை பார்ப்பேன். ஆறு ஆண்டுகளில் அவள் எழுத்தில் நான் கை வைத்தது அபூர்வம். பிறகு ஒரு மார்ச் மாதம் திடீரென்று எல்லாம் கெட்டுப்போனது. பாதியில் அறுந்த வரிகள், தொலைந்த முற்றுப்புள்ளிகள், ஒரே சொல் இரண்டு முறை. மூன்றாவது தடவை எனக்குப் பொறுக்கவில்லை. "வேலையில் மனமில்லை என்றால் சொல்லிவிடுங்கள், வேறு ஆள் பார்க்கிறோம்" என்று எழுதி அனுப்பினேன். "மன்னிக்கவும்" என்று ஒரே ஒரு சொல்தான் பதிலாக வந்தது. நான் எழுதியதைப் படித்தது அவள் மட்டுமல்ல என்பது ஒரு வருடத்துக்கு மேலான பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அவளுக்கு அப்போது முப்பத்தாறு வயது. பிறந்து வளர்ந்தது சிங்கப்பூரில். கிளமெண்டியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்தவள். கல்யாணமாகிச் செம்பவாங்குக்குக் குடிபோன பிறகு, போய்வரவே நாளில் மூன்று மணி நேரம் போகிறது என்று கணவன் மிதுனன் வேலையை விடச் சொன்னான். விட்டாள்.

மிதுனனைப் பற்றி அந்த அடுக்குமாடிப் புளோக்கில் யாரும் குறையாக ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள். சரக்குக் கையாளும் ஒரு நிறுவனத்தில் கணினி வலையமைப்பைப் பார்த்துக்கொள்ளும் சீனியர் எஞ்சினியர். லிஃப்டில் வயதானவர்களைக் கண்டால் பையை வாங்கித் தூக்கிக்கொண்டு வருவான். குரல் உயர்த்தமாட்டான். கை ஓங்கமாட்டான். கோபம் வந்தால் பேசமாட்டான், அவ்வளவுதான். ஒருமுறை பதினோரு நாள் பேசவில்லை. அந்தப் பதினோரு நாளும் அவள் பரிமாறியதைச் சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்து, அவள் நிற்கும் இடத்தில் யாருமே இல்லாததுபோல் நடந்துபோனான். எதற்காக என்று அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

அவளுடைய பழைய கம்ப்யூட்டர் ஆமைபோல் ஊர்ந்துகொண்டிருந்தபோது அவன்தான் அதைத் துடைத்துவிட்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்தான். அவளுக்கு அது உடனே பிடித்துவிட்டது. சத்தமில்லாமல் திறந்தது, தமிழ் எழுத்து அழகாக வந்தது. அதே சனிக்கிழமை அவன் இன்னொன்றும் செய்தான்.

"இனி எதாச்சும் பிரச்சினைன்னா நான் ஆபீஸ்லேருந்தே உன் ஸ்கிரீனைப் பார்த்து சரி பண்ணிடுவேன், நிவே. என்னைக் கூப்பிட்டு 'அந்த பட்டன் எங்க, இந்த பட்டன் எங்க'ன்னு கேக்க வேணாம்."

"அது எப்படி?"

அவன் பொறுமையாக விளக்கினான். அவளுடைய திரையை அப்படியே வெளியே அனுப்பும் ஒரு நிரல் கம்ப்யூட்டரில் ஓடும். அவள் இயந்திரத்தைத் திறந்ததும் அதுவும் தானாக எழுந்துகொள்ளும். வெளியிலிருந்து வருபவர்களை வீட்டு ரவுட்டர் உள்ளே விடாது. அதனால் ரவுட்டரில் ஒரு கதவெண்ணைத் திறந்து, அந்த எண்ணைத் தட்டுகிறவரை நேரே இந்தக் கம்ப்யூட்டருக்கு அனுப்பச் சொல்லவேண்டும். வீட்டின் இணைய முகவரி அடிக்கடி மாறும் என்பதால் அதற்கு ஒரு நிரந்தரப் பெயரும் வாங்கி வைத்தான். பிறகு மடிக்கணினியை எடுத்துக்கொண்டு கீழ்த்தளத்துக்குப் போய், வீட்டு இணையத்தைத் தொடாமல் கைபேசி வழியாக நுழைந்தான். பன்னிரண்டாவது மாடியில், நிவேதிகாவின் கண்ணெதிரில், அம்புக்குறி யாரும் தொடாமலே நகர்ந்தது. வெற்றுத்தாள் ஒன்று திறந்தது. "ஹலோ நிவே" என்று எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

அவள் கை தட்டினாள். ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்து அவனுக்குக் கையும் காட்டினாள். பின்னாளில் தன்மீதே அவளுக்கு அதிகம் கசந்தது அந்தக் கைதட்டல்தான்.

முதல் மாதம் உதவியாகவே இருந்தது. பிரிண்டர் மக்கர் பண்ணினால் அவன் அங்கிருந்தே சரிசெய்வான். பிறகு ஒரு பகலில், மருந்து விளக்கத்தாள் ஒன்றை அவள் எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு சொல் அழிந்தது. அடுத்த நிமிடம் போன் அடித்தது.

"அந்த ஸ்பெல்லிங் தப்பு லா."

"இல்ல மிது, அது சரிதான். நீங்க பாத்துக்கிட்டா இருக்கீங்க?"

"சும்மா செக் பண்ணேன். வேலையைப் பாரு."

மிதுனன் தமிழில் தேறியதே பெரிய பாடு. ஆனால் அன்றிலிருந்து அவள் வரிகளுக்குள் அவன் கை வர ஆரம்பித்தது. அவள் ஒரு பத்தியை முடித்துவிட்டுத் தேநீர் போட எழுந்தால், திரும்பும்போது அதில் ஒரு வாக்கியம் இருக்காது. செய்தித்தாள் பக்கத்தைத் திறந்தால் மூடிக்கொள்ளும். சமையல் வீடியோ பார்த்தால், "ஃப்ரீயா இருக்க போல" என்று திரையின் நடுவில் எழுத்து விழும். ஒருநாள் இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்டாள். இரண்டு நிமிடத்தில் போன் வந்தது. "லைன் கட் ஆயிடுச்சு, பாரு." மறுபடி சொருகினாள். மாலையில், "இதை எடுத்துடுங்களேன், எனக்கு ஒரு மாதிரி இருக்கு" என்று கேட்டாள்.

"எதை மறைக்கப் போற?" என்று சிரித்தபடியே கேட்டான் அவன். அதற்குப் பிறகு ஒரு வாரம் பேசவில்லை.

ஏப்ரலில் அவள் மறுபடி பள்ளி வேலைக்கு விண்ணப்பிக்க நினைத்தாள். ஒரு காலைப்பொழுது முழுக்க உட்கார்ந்து கடிதம் எழுதினாள். கடைசி வரியை முடித்ததும் கடிதம் முழுவதும் நீலமாகத் தேர்வாகி, ஒரே நொடியில் மறைந்தது. மீட்டெடுப்பதற்குள் தாளும் மூடிக்கொண்டது. அவள் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அன்று மாலை மிதுனன் வழக்கம்போல வந்தான், சாப்பிட்டான், மீன்குழம்பு நன்றாக இருக்கிறது என்றான். கடிதத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவளும் கேட்கவில்லை. கேட்டால் அவன் எந்த முகத்தை வைத்துக்கொள்வான் என்பதைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது.

தன் தாயிடம் சொன்னாள். "வேலை நேரத்துலயும் உன் நினைப்பாவே இருக்காரு, அதுக்குப் போயா அழற?" என்று கேட்டுவிட்டு அம்மா போனை வைத்துவிட்டாள்.

மிச்சமிருந்தது ஒரே ஒரு ஆள். சந்திரமதி. பழைய பள்ளியில் உடன் வேலை பார்த்தவள், விவாகரத்தாகி மகளோடு தனியாக இருப்பவள். இருவரும் மதியத்தில் கம்ப்யூட்டரில் அரட்டையடிப்பது வழக்கம். மே மாதம் ஒரு புதன்கிழமை சந்திரமதி, "நீ கொஞ்ச நாள் என் வீட்டுக்கு வந்து இரேன்" என்று எழுதினாள். பதில் எழுத நிவேதிகா விசைப்பலகையில் கை வைப்பதற்கு முன்பே பதில் எழுதப்பட ஆரம்பித்தது.

ஆங்கிலத்தில், அவள் பெயரில், அவள் படத்துக்குப் பக்கத்தில் அந்தச் சொற்கள் வந்தன. 'உன் புருஷன் உன்னை விட்டுப்போனதில் ஆச்சரியமே இல்லை.' அவள் மவுஸைப் பிடித்து இழுத்தாள். அம்புக்குறி அவள் பக்கம் வந்தது, மறுபடி அந்தப் பக்கம் போனது. ஒரே அம்புக்குறியை இரண்டு பேர் இழுத்தார்கள். 'உன் மகளும் உன்னைப் போலத்தான் வருவாள். எனக்கு இனிமேல் எழுதாதே.' அவள் மேசைக்கடியில் பாய்ந்து மின்கம்பியையே பிடுங்கினாள். அதற்குள் மூன்று செய்திகள் போய்விட்டிருந்தன.

உடனே சந்திரமதிக்குப் போன் போட்டாள்.

"அது நான் எழுதலடி. சத்தியமா நான் இல்ல."

"பின்ன? கம்ப்யூட்டர் தானா டைப் பண்ணுச்சா?"

"மிதுதான், ஆபீஸ்லேருந்து..."

"நிவே, எம் மகளைப் பத்தி எழுதியிருக்க. போதும்." அதன்பிறகு அந்த எண்ணுக்கு அழைப்பு போகவே இல்லை.

மறுநாள் மிதுனன் வேலைக்குக் கிளம்பியதும் நிவேதிகா கம்ப்யூட்டர் பெட்டியைக் கழற்றினாள். சக்கரம் வைத்த காய்கறிப் பைக்குள் துண்டு சுற்றி வைத்து, ரயிலேறி லிட்டில் இந்தியாவுக்கு வந்தாள். பழைய கடைவீட்டின் மாடியில் ருக்கையா என்ற பெண் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறாள். ஐம்பதை நெருங்குபவள், மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு பேசுபவள். நடந்ததையெல்லாம் கேட்டாள். "ஐயோ பாவம்" என்றெல்லாம் சொல்லவில்லை. பெட்டியைத் தன் திரையில் மாட்டினாள். கட்டளைகளுக்கான கறுப்பு ஜன்னல் ஒன்றைத் திறந்து கொஞ்ச நேரம் தட்டினாள்.

"பேயும் இல்ல, ஹேக்கரும் இல்ல மா. இதோ, யாரு எப்ப உள்ள வந்தாங்க, எப்ப போனாங்கன்னு இதுவே எழுதி வச்சிருக்கு. அவரு இதை அழிக்க மறந்துட்டாரு. இல்ல, நீங்க இதையெல்லாம் பார்ப்பீங்கன்னு நினைக்கவே இல்ல."

வரிவரியாக ஓடியது. வாரத்தில் ஐந்து நாள். காலை ஒன்பதே காலுக்குள் ஒரு நுழைவு, மாலை ஆறுக்கு ஒரு வெளியேற்றம். எல்லாம் ஒரே முகவரி, மிதுனனின் அலுவலக இணைய முகவரி.

"தூரத்துலேருந்து பாக்குறது தப்பில்ல மா. நானே என் கஸ்டமருக்குச் செய்றேன். ஆனா நான் வந்தா அவங்க ஸ்கிரீன்ல ஒரு பெட்டி தோணும், 'விடட்டுமா'ன்னு கேக்கும். சரின்னு அழுத்தினாத்தான் உள்ள போகமுடியும். இவரு அந்தப் பெட்டியே வைக்கல. அதுவும் பூட்டு கீட்டு ஒண்ணுமில்லாம நேரா இன்டர்நெட்டுக்குத் திறந்து போட்டிருக்காரு. படிச்ச எஞ்சினியர் செய்ற வேலையா இது?" ருக்கையா கண்ணாடியை இறக்கிக் கண்ணில் மாட்டிக்கொண்டாள். "இருங்க. இங்க ஒரு நாள் ரெண்டு பேரு வந்திருக்காங்க."

"ரெண்டு பேரா?"

"அதே முகவரிதான். ஒருத்தரு இருக்கும்போதே இன்னொருத்தரு. மத்தியானம் பன்னண்டு நாப்பதுலேருந்து ஒண்ணு இருபது வரைக்கும். மார்ச் பதினாலு."

நிவேதிகாவுக்குத் தேதி உடனே நினைவுக்கு வந்தது. மறுநாள்தான் பூன் லேயில் ஒரு பிறந்தநாள் விருந்து. மிதுனனுக்குக் கீழே வேலை பார்க்கும் அருண்ராஜ், அவன் மனைவி ரஞ்சிதம், அவர்களின் ஒரு வயதுக் குழந்தை. தமிழ்நாட்டிலிருந்து வேலை அனுமதியில் வந்தவர்கள். கேக் வெட்டிய பிறகு அருண்ராஜ் எல்லோர் முன்னாலும், "அக்கா, வடிகாலா சாக்கடையா, கடைசில எதை வச்சீங்க?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். ரஞ்சிதம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மிதுனன்தான் ஏதோ சொல்லியிருப்பான் என்று அன்று அவளும் கூடவே சிரித்து வைத்தாள். ஆனால் நகர மன்ற அறிவிப்பு ஒன்றில் வடிகால் என்று எழுதி, அழித்து, சாக்கடை என்று எழுதி, அழித்து, மறுபடி வடிகாலுக்கே போனதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அவள் தடுமாறுவதை மதியச் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பேர் உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருக்கிறார்கள்.

"போலீஸ்ல ரிப்போர்ட் பண்ணுங்க" என்றாள் ருக்கையா.

"அவர் இதைப் போடும்போது நான் கை தட்டினேன், அக்கா."

"அதுக்கு?"

ருக்கையா அந்த நிரலை எடுத்துப்போட்டாள். ரவுட்டரில் கதவெண்ணை எப்படி மூடுவது என்று தாளில் எழுதிக் கொடுத்தாள். பதிவு முழுவதையும் அச்சிட்டுக் கொடுத்தாள்.

நிவேதிகா வீட்டுக்கு வந்து கதவெண்ணை மூடினாள். மறுநாள் மாலை மிதுனன் ரவுட்டரைத் தன் பையில் போட்டு எடுத்துக்கொண்டான். "வேணும்னா வெளிய போய் நெட் யூஸ் பண்ணு. இந்த வீட்டு லைன் என் பேர்ல இருக்கு." குரல் வழக்கம்போலவே மென்மையாக இருந்தது. அந்த வாரம் அவள் எனக்கு அனுப்பவேண்டிய இரண்டு வேலைகள் வரவில்லை. நான் சொன்னபடியே வேறு ஆள் பார்த்துவிட்டேன். அதையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

அவள் இரண்டு பெட்டிகளோடு கிளமெண்டியில் ஓர் அறைக்குக் குடிபோனாள். முதலில் அச்சிட்ட பதிவின் ஒரு பிரதியைச் சந்திரமதிக்குத் தபாலில் அனுப்பினாள். பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. "நீ எழுதலன்னு இப்ப நம்புறேன். ஆனா நான் அதைப் படிச்சிட்டேன் நிவே. உன் முகத்தைப் பார்த்தா அதுதான் ஞாபகம் வரும். என்னை விட்டுடு." இன்னொரு பிரதியை மிதுனனின் நிறுவனத்துக்கு அனுப்பினாள். அலுவலகத்து முகவரியிலிருந்து ஒரு பெண்ணின் திரையை மாதக்கணக்கில் பார்த்திருக்கிறார்கள் என்று ஒரு பக்கக் கடிதம் சேர்த்தாள்.

மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மிதுனன் போன் செய்தான்.

"டிவோர்ஸ்தானே வேணும்? சைன் பண்றேன். சண்டை கிண்டை வேணாம், ரெண்டு பேரும் சம்மதிச்ச மாதிரியே முடிச்சிக்கலாம். ஆனா ஒண்ணு. கம்பெனிக்கு இனி நீ ஒரு வரி எழுதக்கூடாது. அவங்க எது கேட்டாலும் பதில் சொல்லக்கூடாது."

"சரி" என்றாள். இவ்வளவு சுலபமாக விடுவான் என்று அவள் நினைக்கவே இல்லை. ஏன் விட்டான் என்பது நான்கு நாளில் தெரிந்தது.

மதியம் மூன்று மணிக்கு ரஞ்சிதம் வந்து அறைக்கதவைத் தட்டினாள். இடுப்பில் குழந்தை. முகம் வீங்கியிருந்தது. உள்ளே வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, அவரை வேலையை விட்டு எடுத்துட்டாங்க. வேலை பாஸையும் கேன்சல் பண்ணிட்டாங்க. முப்பது நாள்ல ஊருக்குப் போகணும்."

"யாரை?"

"எங்க வீட்டுக்காரரைத்தான். அந்த அட்ரஸு டெஸ்ட் பண்றதுக்குன்னு ஆபீஸ்ல தனியா வச்சிருக்கற லைனோடது. சாரும் இவரும்தான் யூஸ் பண்றது. சார் என்ன சொல்லிட்டாரு தெரியுமா? உதவிக்குன்னு ஒரு தடவை உள்ள போற அட்ரஸைக் கொடுத்தேன், இவன்தான் என் பொண்டாட்டியை இத்தனை மாசமாப் பாத்திருக்கான்னு சொல்லிட்டாரு. சாருக்கு வார்னிங் லெட்டர். இவருக்கு வேலையே போச்சு."

நிவேதிகா எழுந்து ஜன்னலருகே போனாள்.

"அவரு ஒரே ஒரு நாள்தான்க்கா பாத்தாரு. சார் கூப்பிட்டாரு, 'வா, ஒரு கூத்து காட்டறேன்'னு. மாட்டேன்னு எப்படிக்கா சொல்லமுடியும்? மேலதிகாரிக்கா."

"ஒரு நாள்னு எனக்குத் தெரியும்."

ரஞ்சிதத்தின் முகம் மலர்ந்தது. "அப்ப எழுதிக் கொடுங்கக்கா. எழுத்தை அழிச்ச உடனே சார் உங்களுக்குப் போன் பண்ணுவாராமே. போன்ல அந்த நேரமெல்லாம் இருக்கும். அதை மட்டும் எழுதிக் கொடுத்தா யாரு செஞ்சதுன்னு தெரிஞ்சிடும். ஒரே ஒரு லெட்டர்."

அது உண்மைதான். அவள் கைபேசியில் மிதுனனின் அழைப்புகள் அத்தனையும் நேரத்தோடு இருந்தன. அச்சிட்ட பதிவுக்குப் பக்கத்தில் வைத்தால் ஒரு குழந்தைக்கும் புரியும்.

"முடியாது, ரஞ்சிதம்."

"ஏன்க்கா?"

"உங்க வீட்டுக்காரர் அன்னிக்குப் பார்த்துட்டு எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம். 'அக்கா, இப்படி நடக்குது'ன்னு ஒரு வார்த்தை. அதுக்கு அப்புறமும் ரெண்டு மாசம் நடந்துச்சு."

"தப்புதான்க்கா. அவரு கால்ல விழச் சொன்னாலும் விழுவாரு."

"உங்களுக்கும் தெரியும்தானே? விருந்துல சிரிச்சீங்களே."

குழந்தை நிவேதிகாவின் மேசையில் கிடந்த பேனாவை எட்டிப் பிடித்தது. நிவேதிகா அதை மெதுவாக விரல்களிலிருந்து விடுவித்து வாங்கி வைத்தாள்.

"நேரமாகுது. எனக்கு வேலை இருக்கு" என்றாள்.

ரஞ்சிதம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கதவருகே நின்றாள். "நீங்களும் சார் மாதிரியே மெதுவாத்தான்க்கா பேசுறீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அருண்ராஜ் குடும்பம் ஆகஸ்ட் மாதம் திருச்சிக்குப் போய்விட்டது. அங்கே அவனுக்கு எட்டு மாதம் வேலை கிடைக்கவில்லை என்று பிறகு யாரோ சொன்னார்கள். மிதுனன் சொன்னபடி கையெழுத்துப் போட்டான். எச்சரிக்கைக் கடிதம் வாங்கிய அதே நாற்காலியில்தான் இன்னும் உட்கார்ந்திருக்கிறான். செம்பவாங் புளோக்கில் இப்போதும் அவனைப் பற்றி நல்லபடியாகத்தான் பேசுகிறார்கள், மனைவி விட்டுப்போய்விட்டாள் என்று அனுதாபத்தோடு.

இதையெல்லாம் நிவேதிகா எனக்குச் சொன்னது போன மாதம், பஃபலோ ரோட்டில் ஒரு சாப்பாட்டுக்கடையில். அவள் இப்போது ஒரு பள்ளியில் தற்காலிக ஆசிரியை. என்மீது கோபம் இருப்பதாகக் காட்டிக்கொள்ளவில்லை. நான்தான் கேட்கக்கூடாததைக் கேட்டேன். "டிவோர்ஸ் முடிஞ்ச பிறகாவது அந்த லெட்டரை எழுதியிருக்கலாமே. அவன் போட்ட நிபந்தனை அதோட முடிஞ்சுபோச்சே."

அவள் தேநீரைக் குடித்து முடித்தாள்.

"எழுத உக்காந்தேன். ரெண்டு தடவை. ஒவ்வொரு தடவையும் அந்த அருண்ராஜ் கேக் தட்டோட நின்னு சிரிக்கிறதுதான் முன்னால வந்துச்சு. மிது என்னைப் பார்த்தது எனக்குப் பழகிப்போச்சு. இவன் பார்த்ததுதான் ஆறல. நிபந்தனையே போடாட்டியும் நான் எழுதியிருக்கமாட்டேன்னு நினைக்கிறேன்."

பிறகு கைபேசியில் நேரம் பார்த்தாள். இரண்டு மணிக்கு வகுப்பு இருக்கிறது என்று சொல்லி, பையை எடுத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தாள்.